13 வயது நாய்க்கு ஆபரேஷன்: மயக்க மருந்து மூளையைக் கெடுக்குமா?

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டது இது. 13 வயதுப் பொமேரியன், பெண். பின்பக்கப் பால்மடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். "வயசான ஜீவன், அதைப் போய் அறுக்கணுமா, விட்டுடுங்க" என்கிறார் உங்கள் மாமனார். இதற்கு நடுவில் பக்கத்து வீட்டு லாப்ரடார் வேறு. போன வருடம் ஓர் ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து ராத்திரியெல்லாம் சுற்றுகிறது, சுவரைப் பார்த்து நிற்கிறது, வீட்டுக்காரரையே சில நேரம் யாரோ போலப் பார்க்கிறது. அதனால் "மயக்க மருந்து வயதான நாயின் மூளையைக் கெடுக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள்ளே இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: நான் கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்பும் அதே நாய்தான் எனக்குத் திரும்பி வருமா? இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் 22 வருடமாக நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன். மயக்கவியலில் தனிப் பட்டம் வாங்கியவன் இல்லை, ஆனால் வாரத்துக்கு நாலைந்து நாய்களையாவது மயக்கத்தில் ஆழ்த்தி எழுப்பியிருக்கிறேன். அந்த அளவில் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்து முதல் ஓரிரு நாள் ஒரு கிழநாய் குழம்பிக் கிடப்பது சகஜம், பெரும்பாலும் தானாகத் தெளிந்துவிடும். ஒழுங்காகக் கண்காணித்துக் கொடுத்த மயக்க மருந்து மட்டுமே ஒரு நாயின் மூளையை நிரந்தரமாகக் கெடுத்தது என்று காட்டும் உறுதியான ஆதாரம் நாய்களில் இல்லை. ஆனால் ஏற்கெனவே தளர ஆரம்பித்துவிட்ட மூளை ஆபரேஷனுக்குப் பிறகு அந்தத் தளர்ச்சியை வெளியே காட்டிவிடலாம். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது தற்செயலா, ஆபரேஷன் கொடுத்த தள்ளா என்று ஒவ்வொரு நாயிலும் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

முதலில் அந்த லாப்ரடார். நாய்களுக்கும் முதுமை மறதி நோய் வரும். வழி தெரியாமல் மூலையில் மாட்டிக்கொள்வது, கதவின் கீல் பக்கம் போய் நிற்பது, பகலில் தூங்கி இரவில் உலாவுவது, வருடக்கணக்காக வெளியே போய்ப் பழகிய நாய் ஹாலில் சிறுநீர் விடுவது, காரணமில்லாமல் பயப்படுவது எல்லாம் அதன் அடையாளங்கள். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், 11-12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும் 15-16 வயது நாய்களில் 68 சதவீதத்துக்கும் இந்த வகைக் குறைகளில் ஒன்றாவது இருந்தது. 2010-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வில், முதிய நாய்களில் சுமார் 14 சதவீதத்துக்கு நோய் இருந்தது, ஆனால் டாக்டர் அதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தது 2 சதவீதத்துக்கும் குறைவானவற்றுக்கே. அதாவது இந்த நோய் வீட்டில் யாருக்கும் தெரியாமல், எங்களைப் போன்ற டாக்டர்களுக்கும் தெரியாமல், சத்தமில்லாமல் இருந்துகொண்டிருக்கிறது. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று நாம் கடந்துபோகிறோம். பிறகு ஓர் ஆபரேஷன் நடக்கிறது. அதற்குப் பிறகு எல்லோரும் அந்த நாயை உன்னிப்பாகப் பார்க்கிறார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகப் பழி மயக்க மருந்து மேல் விழுந்துவிடுகிறது.

இப்படி எனக்கே ஒரு அனுபவம் உண்டு. 14 வயது டேஷண்ட் ஒன்றுக்கு ஆடிக்கொண்டிருந்த ஆறு பற்களை மயக்கத்தில் பிடுங்கினேன். பத்து நாள் கழித்து வீட்டுக்காரர் கோபமாக வந்தார். "நல்லா இருந்த நாயை பைத்தியம் மாதிரி ஆக்கிட்டீங்க டாக்டர், வட்டம் போடுது, ராத்திரி குரைக்குது" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவருடைய மகள் கைபேசியில் பழைய வீடியோக்களைத் தேடிப் பார்த்தாள். எட்டு மாதத்துக்கு முந்தைய பிறந்தநாள் வீடியோவில், கேக் வெட்டும் கூட்டத்துக்குப் பின்னால் அந்த நாய் ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அதை வைத்து நான் தப்பித்துவிட்டதாகவும் நினைக்கவில்லை. வட்டம் போடுவது பழையதுதான். இரவில் குரைப்பது புதிது என்று அவர்கள் மூன்று பேரும் சொன்னார்கள். அதை நம்பாமல் இருக்க எனக்குக் காரணமில்லை. ஆபரேஷனுக்கு முன்பே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

இன்னொன்றும் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு நாய் மாறிவிட்டது என்று வருகிறவர்களில் சிலருடைய நாய்க்கு மூளையில் ஒன்றும் இருக்காது. பல் சுத்தம் செய்ததற்கும் காது கழுவியதற்கும் பிறகு காது கேளாமல் போன நாய்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். அரிதுதான், ஆனால் வயதான நாய்களில்தான் அதிகம். கூப்பிட்டால் திரும்பாத நாயை "ஆளைத் தெரியவில்லை" என்று நாம் படித்துக்கொள்கிறோம். வயதான நாய்க்குத் திடீரென்று உட்காதின் சமநிலை கெட்டு, தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண்மணி இங்குமங்கும் ஆடி, நடக்க முடியாமல் விழும். ஆபரேஷனே நடக்காவிட்டாலும் வரும், பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். மூட்டுவலி இரவில் தூங்கவிடாது. கண்புரை இருட்டில் நாயைத் திகைக்க வைக்கும். தைராய்டு குறைவு, ரத்த அழுத்தம், மூளைக் கட்டி எல்லாமே இதே வேஷத்தில் வரலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு தடவை முழுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மறதி என்று முத்திரை குத்தப்பட்ட நாய் வலி மாத்திரையில் தேறியதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, மயக்க மருந்துக்கு வருவோம். இந்தக் கேள்வி முதலில் மனிதர்களிடம் எழுந்தது. 1955-லேயே 'லான்செட்' இதழில் ஓர் ஆங்கிலேய டாக்டர், ஆபரேஷனுக்குப் பிறகு சில முதியவர்கள் பழையபடி இல்லை என்று குடும்பத்தார் சொல்வதைப் பற்றி எழுதினார். பிறகு 1998-இல் ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு வந்தது. 60 வயதுக்கு மேற்பட்ட 1,218 பேருக்கு ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நினைவாற்றல் தேர்வுகள் வைத்தார்கள். ஒரு வாரத்தில் சுமார் 26 சதவீதத்தினரிடம் சரிவு தெரிந்தது, மூன்று மாதத்தில் அது 10 சதவீதமாகக் குறைந்தது. ஆபரேஷன் செய்துகொள்ளாமல் அதே தேர்வை எழுதியவர்களில் இது 3 சதவீதம் அளவே. ஆக, மனிதர்களில் இது கற்பனை இல்லை. ஆனால் பெரும்பாலோருக்கு மூன்று மாதத்துக்குள் தெளிந்துவிடுகிறது. முதல் வாரச் சரிவுக்குக் காரணமாகத் தெரிந்தவை வயது, மயக்கத்தில் இருந்த நேரம், இரண்டாவது ஆபரேஷன், பிறகு வந்த கிருமித் தொற்று, மூச்சுச் சிக்கல், அப்புறம் குறைந்த படிப்பு. கடைசியை நாய்க்கு எப்படிப் பொருத்துவது என்று கேட்காதீர்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் நீடித்த சரிவுக்கு வயது ஒன்றுதான் காரணமாக மிஞ்சியது.

அப்படியானால் முழு மயக்கம் கொடுக்காமல் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தால் மூளை தப்பிக்குமே என்று யாருக்கும் தோன்றும். அதையும் சோதித்தார்கள். 2021-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதுகு ஊசி, இன்னொரு பாதிக்கு முழு மயக்கம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் மனக்குழப்பம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 20 சதவீதம், வித்தியாசமே இல்லை. இதே கேள்வியைக் கேட்ட வேறு ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. தூங்க வைக்கும் மருந்துதான் வில்லன் என்றால், அதை எடுத்துவிட்டபோது குழப்பம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை.

பிறகு யார் வில்லன்? சந்தேகம் அறுவையின் பக்கம் திரும்புகிறது. உடம்பில் கத்தி பட்டால் ரத்தத்தில் அழற்சிப் பொருட்கள் கூடும். இளம் உடம்பில் மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பு அவற்றைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். வயதானால் அந்தத் தடுப்பு கசியும், மூளையில் இருக்கும் காவல் செல்களும் சின்ன விஷயத்துக்கே கொந்தளிக்கும். சுண்டெலிகளில் செய்த சோதனைகளில், மயக்கம் மட்டும் கொடுத்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, மயக்கத்தோடு கால் எலும்பை உடைத்துப் பொருத்தியவற்றுக்கு நினைவு குறைந்தது. ஆனால் கிழட்டு எலிகளுக்கு வாயு மயக்கம் மட்டும் கொடுத்தபோதே வழி கற்கும் திறன் குறைந்தது என்று வேறொரு ஆய்வுக் குழு காட்டியிருக்கிறது. சோதனைக் குழாயில், ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு அமிலாய்டு புரதம் திரள்வதைத் தூண்டியதும் உண்மை. மனிதனின் அல்சைமர் மூளையில் படிவதும் கிழநாயின் மூளையில் படிவதும் அதே அமிலாய்டுதான், அதன் அமைப்பில்கூட வேறுபாடு இல்லை. இதைப் படித்துவிட்டுத்தான் பலர் பயப்படுகிறார்கள். சோதனைக் குழாயில் நடந்தது உங்கள் நாயின் தலைக்குள்ளும் அப்படியே நடக்கும் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. நடக்கவே நடக்காது என்றும் நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

மனிதர்களிடம் செய்தது போல, நூற்றுக்கணக்கான கிழநாய்களுக்கு ஆபரேஷனுக்கு முன்னும் மூன்று மாதம் கழித்தும் அறிவுத் தேர்வு வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு எங்கள் துறையில் இல்லை. நான் மேலே சொன்னதில் பாதி, மனிதனிடமிருந்தும் எலியிடமிருந்தும் கடன் வாங்கி நாய்க்குப் போர்த்தியது. யாராவது உங்களிடம் "நாய்க்கு இத்தனை சதவீதம் மூளை பாதிப்பு வரும்" என்று எண் சொன்னால், அவர் அதை எங்கிருந்து எடுத்தார் என்று கேளுங்கள்.

நாயில் எண்ணோடு தெரிந்த ஒன்று உயிர் ஆபத்து. பிரிட்டனில் 98,000 நாய்களின் மயக்கங்களைக் கணக்கெடுத்து 2008-இல் வெளியிட்டார்கள். மயக்கத்தினாலோ மருந்தினாலோ இறந்தவை மொத்தத்தில் 0.17 சதவீதம். ஆரோக்கியமான நாய்களில் 2,000-க்கு ஒன்று. நோயுற்ற நாய்களில் 75-க்கு ஒன்று. 12 வயது தாண்டியவற்றுக்கு ஆபத்து கூடுதல். "வயது ஒரு நோய் இல்லை" என்று எங்கள் ஆட்கள் ஆறுதல் சொல்வார்கள். பாதி உண்மைதான் அது. நோய் இல்லைதான், ஆனால் சறுக்கினால் பிடித்துக்கொள்ள இடம் குறைவு. அந்தக் கணக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இறந்த நாய்களில் கிட்டத்தட்டப் பாதி ஆபரேஷன் மேசையில் இறக்கவில்லை. எல்லாம் முடிந்து, நாய் கண் விழித்துவிட்டது என்று ஆட்கள் கை கழுவப் போன பிறகு இறந்தவை, அதிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்தில்.

மூளை பற்றிய கவலையும் இங்கேதான் வந்து சேர்கிறது. ரத்த ஓட்டம் நின்றாலோ மிகவும் குறைந்தாலோ, ஆக்சிஜன் போகாவிட்டாலோ மூளை கெடும். இதில் சந்தேகமே கிடையாது. மயக்கத்தில் சராசரி ரத்த அழுத்தம் 60-க்குக் கீழே போகாமல் பார்க்க வேண்டும். கிழநாய்க்கு 70-ஐ ஒட்டி இருந்தால் எனக்கு நிம்மதி. நான் சொன்ன 1998 ஆய்வில் ரத்த அழுத்தக் குறைவும் ஆக்சிஜன் குறைவும் பிந்தைய மறதியோடு சம்பந்தப்படவில்லை என்று வந்தது. நேர்மையாக அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த நோயாளிகள் ஒவ்வொருவர் தலைமாட்டிலும் ஒரு மயக்க மருத்துவர் உட்கார்ந்திருந்தார். நம் ஊரில் பல கிளினிக்குகளில் அறுப்பவரும் மயக்கம் பார்ப்பவரும் ஒரே ஆள்.

நானும் அப்படித் தொடங்கியவன்தான். என் ஆரம்ப வருடங்களில் சைலசின், கீட்டமைன் என்ற மயக்க ஊசிகளைப் போடுவோம், ஸ்டெதஸ்கோப்பால் நெஞ்சைக் கேட்போம், ஈறின் நிறத்தைப் பார்ப்போம், அவ்வளவுதான் கண்காணிப்பு. ஒரு முறை சீழ் பிடித்த கர்ப்பப்பையோடு வந்த 11 வயது நாய், ஆபரேஷன் நடுவில் ஈறு வெளுத்து, எப்படியோ சமாளித்து எழுந்தது. எழுந்தபோது கண் தெரியவில்லை. விழித்திரை நன்றாக இருந்தது, கண்பாப்பாவும் வெளிச்சத்துக்குச் சுருங்கியது. மூளையில் பார்வைக்கான பகுதி ரத்தமில்லாமல் அடிபட்டிருந்தது. ஐந்தாவது நாள் தட்டில் இருந்த சோற்றைப் பார்த்து வாலாட்டியது, மூன்று வாரத்தில் ஓரளவு சரியானது. அதற்கு அடுத்த மாதமே கடன் வாங்கி ரத்த அழுத்தம் காட்டும் மானிட்டர் வாங்கினேன்.

அதனால் "என்ன மருந்து போடுவீர்கள்" என்பதைவிட "யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள், எதை வைத்து" என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். கையில் முன்கூட்டியே நரம்பு ஊசி போட்டு டிரிப்ஸ் ஓடுமா, மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுப்பார்களா, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, வெளிவிடும் மூச்சின் கரியமில வாயு இவற்றைப் பார்ப்பார்களா, உடம்புச் சூட்டைக் காப்பார்களா, எழும்வரை ஓர் ஆள் பக்கத்தில் இருப்பாரா. சூடு என்றதும் சிரிக்காதீர்கள். வெளியே 38 டிகிரி வெயில் என்றாலும் ஏசி அறையில் வயிற்று முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்துப் படுக்க வைத்த ஐந்து கிலோ நாய் அரை மணியில் குளிர்ந்துவிடும். குளிர்ந்த உடம்பில் மருந்து மெதுவாகத்தான் கழியும், தெளிவும் தாமதமாகும். உங்கள் ஊரில் இந்த வசதிகள் இல்லையென்றால், கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளைப் பாருங்கள். சென்னை வேப்பேரியில் இருப்பது போன்ற போதனா மருத்துவமனைகளில் வாயு மயக்கக் கருவியும் அதற்கென்று ஆட்களும் உண்டு. காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மருந்து விஷயத்தில் என் பழக்கத்தை மட்டும் சொல்கிறேன், உங்கள் டாக்டருக்கு வேறு காரணங்கள் இருக்கலாம். வயதான நாய்க்கு எல்லாமே குறைந்த அளவில், நிதானமாக, விளைவைப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பேன். சைலசினை முடிந்தவரை தவிர்ப்பேன், இதயத்தை மிகவும் மந்தமாக்கும். இதயத் துடிப்பைக் கூட்ட அட்ரோபின் தேவைப்படும் இடத்தில் கிளைகோபைரோலேட் கிடைத்தால் அதைப் போடுவேன். அட்ரோபின் மூளைக்குள் நுழையும், முதியவர்களிடம் குழப்பத்தைக் கூட்டும் வகையைச் சேர்ந்தது. மற்றது மூளைக்குள் அநேகமாகப் போகாது. வெட்டும் இடத்தைச் சுற்றி மரத்துப்போகும் ஊசியைத் தாராளமாகப் போட்டால் வாயு மயக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாம், எழுந்த பிறகு வலியும் குறையும். பால்மடிக் கட்டிக்கு அது நன்றாகவே பொருந்தும்.

ஆபரேஷனுக்கு முன்னால் உங்கள் பக்கம் செய்ய வேண்டியது சில உண்டு. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரையோடு தட்டணுக்களின் எண்ணிக்கையையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர் நாய்களில் உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமல் ஒளிந்திருந்து தட்டணுக்களைத் தின்றுகொண்டிருக்கும், மேசையில் ரத்தம் நிற்காதபோதுதான் தெரியவரும். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்காமல் பால்மடிக் கட்டியைத் தொடவே வேண்டாம், நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று தெரிய வேண்டும். நாம் பொமேரியன் என்று சொல்லும் இந்திய ஸ்பிட்ஸ் நாய்களுக்கும் மற்றச் சிறு நாய்களுக்கும் வயதானால் இதய வால்வு தளர்வது சகஜம். வறட்டு இருமல் இருந்தால் முன்பே சொல்லுங்கள். ஏதாவது மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால் பெயரோடு சொல்லுங்கள். குறிப்பாக மறதிக்காக யாராவது செலிஜிலின் எழுதிக் கொடுத்திருந்தால், அதோடு டிரமடால், பெத்திடின் போன்ற வலி மருந்துகள் சேரக்கூடாது. முதல் நாள் இரவு சாப்பாட்டை எப்போது நிறுத்துவது என்று டாக்டரைக் கேளுங்கள். தண்ணீரை மட்டும் இரவு முழுக்கப் பிடுங்கி வைக்காதீர்கள். கிழட்டுச் சிறுநீரகம் இந்த வெயிலில் அதைத் தாங்காது.

எல்லாவற்றுக்கும் மேல், இன்று ராத்திரியே கைபேசியில் நாலு வீடியோ எடுங்கள். வாசல் கதவுக்கு எப்படிப் போகிறது, பெயர் சொன்னால் எத்தனை நொடியில் திரும்புகிறது, சாப்பாட்டுத் தட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது, இரவு எத்தனை முறை எழுகிறது. டேஷண்ட் கதைக்குப் பிறகு வயதான நாய் எதற்கும் இதைக் கேட்காமல் நான் மயக்க ஊசியைத் தொடுவதில்லை. வீடியோவில் முன்பே தளர்ச்சி தெரிந்தால் ஆபரேஷனே கூடாது என்று அர்த்தமில்லை. மனிதர்களில், முன்பே மறதி இருந்தவர்களுக்குத்தான் ஆபரேஷனுக்குப் பிந்தைய குழப்பம் மிக அதிகம். நாயிலும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொண்டு கூடுதல் கவனத்தோடு போவோம், அவ்வளவுதான்.

எழும் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாயு நிறுத்திய பத்து இருபது நிமிடத்தில் சில நாய்கள் ஊளையிடும், காலை உதைக்கும், யாரையும் அடையாளம் தெரியாது. பார்க்கவே பதறும். அது பெரும்பாலும் மருந்து கலையும் குழப்பம், சில சமயம் வலி, சில சமயம் வலிக்குப் போட்ட ஊசியே காரணம். உங்களை உள்ளே விட்டால் உங்கள் பழைய புடவையோ துண்டோ கொண்டு போய்ப் பக்கத்தில் போடுங்கள், மெதுவாகப் பேசுங்கள். அன்றிரவு தள்ளாடும், முனகும், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். மறுநாள் மாலைக்குள் பெயருக்குத் திரும்ப வேண்டும். 48 மணி நேரம் தாண்டியும் ஆளைத் தெரியவில்லை, வட்டம் போடுகிறது, தலை சாய்ந்திருக்கிறது, கண் தெரியாதது போல முட்டிக்கொள்கிறது என்றால் "மயக்கம் இன்னும் தெளியவில்லை" என்று காத்திருக்காதீர்கள். வலிப்பு வந்தால், ஈறு வெளுத்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள்.

வீட்டில் வழவழ டைல்ஸ்தான் பாதிப் பிரச்சினை. தள்ளாடும் கிழநாய் ஒரு தடவை வழுக்கினால் பிறகு எழவே பயப்படும். கோணிச் சாக்கோ ரப்பர் மேட்டோ அது நடக்கும் வழியில் போடுங்கள். இரவு விளக்கு ஒன்று எரியட்டும். தட்டு, தண்ணீர், படுக்கை எதையும் இடம் மாற்றாதீர்கள். வலி மாத்திரையை டாக்டர் சொன்ன நாள்வரை கொடுங்கள். வலியில் கிடக்கும் நாய் தூங்காது, தூங்காத நாய் குழம்பும். அதற்காக வீட்டில் இருக்கும் டைக்ளோஃபினாக்கையோ ஐபுபுரூஃபனையோ கொடுத்துவிடாதீர்கள், நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அவை சூறையாடிவிடும். தேங்காய் எண்ணெய் மூளைக்கு நல்லதாமே என்று அடிக்கடி கேட்கிறார்கள். கிழநாய்களின் அறிவுத் தேர்வில் பலன் காட்டியது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு சேர்த்த உணவு. தேங்காய் எண்ணெயில் பாதி, அதைவிடச் சங்கிலி நீண்ட லாரிக் அமிலம், இரண்டும் ஒன்றில்லை. ஆபரேஷன் முடிந்த வாரத்தில் எண்ணெயைக் கரண்டியில் ஊற்றிக் கணைய அழற்சியை வரவழைத்துக்கொள்ள வேண்டாம். தையல் ஆறிய பிறகு மெதுவான நடை, மோப்பம் பிடிக்க விட்டு நிற்பது, இதுதான் நான் கொடுக்கும் முதல் மருந்து. அமெரிக்காவில் 15,000 நாய்களை வைத்துச் செய்த 2022 ஆய்வில் சுறுசுறுப்பு இல்லாத நாய்களுக்கு மறதி நோய் ஆறு மடங்குக்கு மேல் அதிகமாக இருந்தது. நடக்காததால் நோயா, நோயால் நடக்கவில்லையா என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது. நடப்பதில் நஷ்டமில்லை.

இனி உங்கள் மாமனார் சொன்னது. நாயின் பால்மடிக் கட்டிகளில் ஏறக்குறையப் பாதி புற்று. எலுமிச்சம்பழ அளவு என்பது சின்னதில்லை. விட்டுவிட்டால் பலவற்றில் அது தோலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும், புண்ணாகும், ஈ மொய்க்கும். அந்த நிலையில் வேறு வழியில்லாமல் ஆபரேஷனுக்குக் கொண்டுவருவார்கள், அப்போது நாய் மேலே சொன்ன 75-க்கு ஒன்று கணக்கில் போய் நிற்கும். மூளையைக் காப்பாற்றுவதற்காகத் தள்ளிப்போட்டு, இன்னும் நீண்ட, இன்னும் மோசமான மயக்கத்தில் கொண்டுபோய் விடுவது இப்படித்தான் நடக்கிறது. எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக, ரத்தம் சரியாக, இதயம் தாங்கும் நிலையில் இருந்தால் என் வீட்டு நாயாக இருந்தாலும் எடுத்துவிடுவேன். நுரையீரலில் பரவியிருந்தால் தொட மாட்டேன், வலிக்கும் புண்ணுக்கும் மட்டும் பார்ப்பேன். முன்பே மறதி முற்றி, வீட்டாரைத் தெரியாமல், இரவு பகல் தெரியாமல் இருக்கும் நாய் என்றால் உங்கள் மாமனார் பக்கம்தான் நானும் நிற்பேன்.

கடைசியில் நீங்கள் சேர்த்திருந்த சின்னக் கேள்வி: அதே மயக்கத்தில் பல்லையும் சுத்தம் செய்து, கர்ப்பப்பையையும் எடுத்துவிடலாமா, இன்னொரு தடவை மயக்கம் வேண்டாமே என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 13 வயதில் மயக்க நேரத்தை இரண்டு மடங்காக்குவதை நான் விரும்ப மாட்டேன். பல் சுத்தம் செய்யும்போது வாயின் கிருமிகள் ரத்தத்தில் கலக்கும், அதை ஒரு பெரிய புதுத் தையலோடு சேர்ப்பதும் நல்லதில்லை. கர்ப்பப்பையில் ஸ்கேனில் கோளாறு தெரிந்தால் அதைச் சேர்த்து எடுப்பதில் நியாயம் உண்டு, அதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். இல்லையென்றால் இப்போது கட்டி மட்டும். பல்லை, அது நன்றாகத் தேறி, நீங்கள் இன்று எடுக்கும் வீடியோவையும் மூன்று மாதம் கழித்து எடுப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு பேசலாம்.